சேவுகன் எடுத்த ஒரே லீவு

புதுக்கோட்டைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டிய சேவுகன், அத்தனை வருஷத்திலும் ஒரே ஒரு தடவைதான் லீவு எடுத்தான். பத்து நாள் கேட்டான். முதலாளி மறுபேச்சில்லாமல் கொடுத்தார். ஏழாம் நாளே ஊர் திரும்பி, எட்டாம் நாள் காலையில் வண்டியை எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு தீபாவளி, பொங்கல், சாவு, கல்யாணம் என்று எதற்கும் அவன் லீவு கேட்டதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் விவரம் தெரியாமல், "என்னண்ணே, ஒங்களுக்கு ஒடம்பா இரும்பா?" என்று கேலி செய்வார்கள். அவன் முகம் போகிற போக்கைப் பார்த்த பிறகு மறுபடி கேட்கமாட்டார்கள்.

அந்த ஏழு நாள் கதைதான் இது. இதில் கெட்டவன் என்று ஒருவனும் இல்லை. இருந்திருந்தால் அவனைத் திட்டியாவது எனக்கு மனசு ஆறியிருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருஷம், சித்திரை மாதம். சண்டைக் காலம். பெட்ரோல் கண்ணில் காணக் கிடைக்காமல், பஸ்ஸுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு இரும்பு அடுப்பு ஒன்றைக் கட்டி, அதில் கரியைப் போட்டு ஊதி, அந்தப் புகையில் வண்டி ஓட்டிய காலம். திருச்சிராப்பள்ளி போய் இறங்குகிறவனின் வேட்டி, சட்டை, கட்டுச்சோறு எல்லாமே கரி வாசம் வீசும். நார்த்தாமலை ஏற்றத்தில் ஆண்கள் எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள். ஆனாலும் டிரைவர் டிரைவர்தான். சேவுகன் காக்கிச் சட்டையோடு திருக்கோகர்ணத்துத் தெருவில் நடந்தால் தாசில்தாருக்கு அடுத்தபடி அவனுக்குத்தான் மரியாதை. ஊர்ச் சனத்தை எல்லாம் நாள் தவறாமல் எங்கெங்கோ கொண்டுபோய் இறக்கிவிட்ட மனுஷன், கட்டின பெண்டாட்டியை ஒரு நாள் ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனதில்லை.

அவள் பெயர் மருதாயி. குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பெண். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அவளுக்குப் பால் போதவில்லை. கைக்குழந்தைக்குப் பசும்பால் கொடுப்பதென்றால் ஒரே பசுவின் பாலைத்தான் கொடுப்பார்கள். இரண்டு மாட்டுப் பால் கலந்தால் குழந்தையின் வயிற்றுக்கு ஆகாது என்பது அந்தப் பக்கத்தில் பிள்ளை பெற்ற எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அந்தக் குழந்தையையும் அப்படித்தான் வளர்த்தார்கள். நாலாம் மாதம் பசு வற்றிப்போனது. வேறு மாட்டுப் பாலுக்கு மாற்றினார்கள். மாற்றிய ஐந்தாம் நாள் குழந்தை போய்விட்டது. வேறு என்ன காரணமோ, யார் கண்டது? சேவுகனுக்கு ஒரே காரணம்தான் தெரியும். மாடு மாறியது, பிள்ளை செத்தது.

பிறகு ஒன்பது வருஷம் ஒன்றும் இல்லை. கோவில் குளம் எல்லாம் ஓய்ந்து, இனி இல்லை என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒத்துக்கொண்ட பிறகு, சொர்ணவல்லி பிறந்தாள். இரண்டாம் மாதமே மருதாயிக்கு விஷக் காய்ச்சல் வந்து பால் சுத்தமாக நின்றுபோனது. அடுத்த வீட்டுப் பொன்னுத்தாயிடம் ஒரு காராம்பசு இருந்தது. "ஒங்க புள்ளைக்கு ஊத்தினது போக மிச்சந்தான் எங்களுக்கு" என்றாள் அவள், சொன்னபடியே செய்தாள். அந்தப் பாலில் குழந்தை கொழுகொழுவென்று வளர்ந்தது. மருதாயிதான் தேய்ந்து போனாள். எட்டு மாதமாகக் கண்ணை மூடவில்லை. குழந்தை தூங்கும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாள். அடுப்பில் உலையை ஏற்றிவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பாள்.

அந்தச் சித்திரை வெயிலில் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. சேவுகன் இருவரையும் தன் பஸ்ஸிலேயே ஏற்றிக்கொண்டுபோய் திருச்சிராப்பள்ளியில் ஒரு டாக்டரிடம் காட்டினான்.

"குழந்தைக்கு ஒண்ணும் இல்லைப்பா, நல்லா இருக்கு" என்றார் அவர். "தாய்தான் சரியில்லை. இப்படியே விட்டா புத்தி பேதலிச்சிடும். பத்து நாள் எங்கேயாவது தண்ணி, காத்து இருக்கிற இடமாக் கொண்டுபோய் வை. சமைக்கக்கூட விடாதே. ரொம்ப தூரமும் போயிடாதே. ஏதாவதுன்னா நான் பார்க்கிற தூரத்துல, இந்த டவுனுக்குப் பக்கத்துலயே இரு."

ஓய்வுக்காக ஓர் இடத்துக்குப் போவது என்பது துரைமார் செய்கிற காரியம் என்றுதான் சேவுகன் அதுவரை நினைத்திருந்தான். நம்மவர்கள் போனால் சாமி கும்பிடப் போவார்கள், இழவு கேட்கப் போவார்கள், பெண் பார்க்கப் போவார்கள். சும்மா இருப்பதற்கென்று கைக்குழந்தையோடு ஒரு டிரைவர் எங்கே போவது? மருதாயியைக் கேட்டான்.

"ஒனக்கு எங்கிட்டுப் போகணும்னு தோணுது? சொல்லு புள்ளே."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அவளை அப்படிக் கேட்கிறார். "எனக்கு என்னங்க தெரியும்" என்றாள். "காலை நனைச்சுக்கிட்டு ஒக்காரத் தண்ணி இருந்தாப் போதும்."

சேவுகன் விஷயத்தைப் பஸ்ஸில் சொன்னான். சொன்னதுதான் தாமதம், ஏறினவன் இறங்கினவன் எல்லாரும் யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துப் பக்கம் ஒண்டுக் குடித்தனம் கிடைக்கும் என்றார் ஒருவர். சித்திரைத் தேருக்குக் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால் காலரா வரும் என்று பின்சீட்டிலிருந்து இன்னொருவர் அதை அடித்தார். உய்யக்கொண்டான் வாய்க்கால் கரை ஜிலுஜிலு என்று இருக்கும் என்றார் ஒரு வாத்தியார். அங்கே கொசு ஒவ்வொன்றும் குருவி கனம் என்றாள் கீரனூரில் ஏறிய மோர்க்காரி. வேளாங்கண்ணிக் கடற்கரை, குற்றாலம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னவர்களும் உண்டு. அவர்கள் டிக்கெட் வாங்கியது மாத்தூர் வரைக்கும்.

சேவுகன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான், யார் பேச்சையும் நம்பவில்லை. திருச்சிராப்பள்ளியில் வண்டி திரும்புவதற்கு மூன்று மணி நேரம் இருக்கும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் பஸ்ஸின் நிழலில் துண்டை விரித்துப் படுப்பான். இப்போது இரவல் சைக்கிளில் கிளம்பினான். ஸ்ரீரங்கத்து வீட்டைப் போய்ப் பார்த்தான். அடுத்த வீட்டு அடுப்புப் புகை உள்ளே வந்தது, வேண்டாம் என்றான். வாய்க்கால் கரையில் ஒரு வீடு. கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தான், கடுத்தது. உறையூரில் ஒரு வீட்டுத் தரையில் மத்தியானம் இரண்டு மணிக்கு மல்லாந்து படுத்து, காற்று வருகிறதா என்று பார்த்தான். வீட்டுக்காரர் இவனை ஒரு தினுசாகப் பார்த்தார்.

கடைசியில் முக்கொம்பு அமைந்தது. காவிரி கொள்ளிடமாகப் பிரிகிற இடம். மேலணையில் மதகு திறக்கிற லஸ்கர் நாகராசு, மாமியார் ஊரான கீரனூருக்கு அடிக்கடி சேவுகன் பஸ்ஸில் போகிறவன். "எங்க வீட்டை ஒட்டி ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்கு. வந்து இருங்கண்ணே" என்றான். சேவுகன் போய்ப் பார்த்தான். சித்திரையில் ஆறு ஓடவில்லை என்றாலும் அணைக்கு மேலே தண்ணீர் கட்டி நின்றது. பெரிய பெரிய மரங்கள். உச்சி வெயில் நேரத்திலும் தரை சுடவில்லை. கிணற்றுத் தண்ணீர் இளநீராக இருந்தது. கூரையில் பாம்பு அடையுமா என்று கம்பால் குத்திப் பார்த்தான். டாக்டர் வீட்டுக்குச் சைக்கிளில் எத்தனை நேரம் என்று பார்த்தான். முற்றத்தில், கன்று ஈன்று இரண்டு மாதமான செவலைப் பசு ஒன்று அசைபோட்டுக்கொண்டு நின்றது. அது மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போனான்.

இவ்வளவும் பார்த்த மனுஷன் அதைப் பார்க்கவில்லை.

"எல்லாஞ் சரி, பாலுக்கு என்ன பண்றது?" என்று மருதாயிதான் கேட்டாள்.

"நம்ம பஸ்ஸு எதுக்கு இருக்கு?" என்றான் சேவுகன். அதைச் சொல்லும்போது அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. ஏற்பாடெல்லாம் மனசில் முடித்துவைத்திருந்தான். விடியற்காலம் பொன்னுத்தாய் கறந்து, காய்ச்சி, ஈயம் பூசிய பித்தளைத் தூக்கில் ஊற்றித் தருவாள். அவன் லீவில் இருக்கும் பத்து நாளும் அவன் வண்டியை ஓட்டப் போகிற இருளாண்டி, திருக்கோகர்ணத்தில் நிறுத்தி அதை வாங்கிக்கொள்வான். திருச்சிராப்பள்ளியில் குளித்தலை பஸ் டிரைவரிடம் கொடுப்பான். அவர் முக்கொம்புப் பிரிவில் சேவுகன் கையில் கொடுப்பார். காலித் தூக்கு மறுநாள் அதே வழியில் திரும்பும். டிரைவருக்கு டிரைவர் செய்கிற உதவி. ராஜா வீட்டுப் பிள்ளைக்குக்கூட முப்பது நாற்பது மைல் தாண்டித் தன் வீட்டு மாட்டுப் பால் வராது.

போன அன்றைக்குக் கையோடு கொண்டுபோன பால் இருந்தது. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் தூக்கு மத்தியானத்துக்குள் வந்து சேர்ந்தது. அந்த மூன்று நாளும் மருதாயி இருந்த இருப்பை அவன் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. குழந்தையைத் தொடையில் போட்டுக்கொண்டு, முழங்கால் வரை தண்ணீரில் விட்டு, படியிலேயே உட்கார்ந்திருந்தாள். நாகராசு பெண்டாட்டி முனியாயி அடுப்புப் பக்கம் அவளை அண்டவிடவில்லை. வேர்க்குரு அமுங்கிக் குழந்தை சிரித்தது. ஒரு மத்தியானம் மருதாயி தலைக்குக் கையை வைத்து அப்படியே தூங்கிப்போனாள், வாயைத் திறந்துகொண்டு. சேவுகன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்ததும் வெட்கப்பட்டாள். "இம்புட்டு நேரமா தூங்கிட்டேன்? எழுப்பக் கூடாதா?" என்றாள். சந்தோஷம் என்றால் இதுதான் போல என்று சேவுகன் நினைத்தான். நினைத்திருக்கக் கூடாது என்று பிறகு நூறு தடவை நினைத்தான்.

நாலாம் நாள் தூக்கு வரவில்லை. பிரிவில் நின்ற சேவுகன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, குளித்தலைப் பக்கம் போகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டில் குழந்தை பசியில் வீரிட்டது. மருதாயி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள், துப்பியது. முனியாயிக்குப் பொறுக்கவில்லை.

"ஏத்தா, பெத்த புள்ளை கத்துது, முத்தத்துல மாடு நிக்குது. என்ன கொடுமை இது?" என்று மத்தியானக் கறவையைக் கறந்து, காய்ச்சி ஆற்றிக் கொண்டுவந்து வைத்தாள். மருதாயி வாசலைப் பார்த்துக்கொண்டே ஒரு சங்கு ஊட்டினாள். குழந்தை அதை மடக் மடக்கென்று குடித்தது. இன்னொரு சங்கு கேட்டது. குடித்துவிட்டு, கையைக் காலை நீட்டிப் போட்டுத் தூங்கிவிட்டது.

மூன்று மணிக்கு மேல் சேவுகன் தூக்கோடு வந்தான். நார்த்தாமலையில் கரி அடுப்பு அணைந்து, பஸ் வெட்டவெளியில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறது. பால் பத்திரமாக இருக்கவேண்டும் என்று இருளாண்டி தூக்கைத் தன் காலடியில், இன்ஜினை ஒட்டி வைத்துக் காவல் காத்திருக்கிறான். நல்ல பையன், ஒரு சொட்டு சிந்தவில்லை.

மருதாயிக்குப் பொய் சொல்லத் தெரியாது. நடந்ததைச் சொன்னாள். சேவுகன் அவளை அதுவரை கை நீட்டி அடித்ததில்லை. அன்றைக்கும் அடிக்கவில்லை. ஆனால் சொன்னான்:

"ஒரு புள்ளைய மண்ணுல வச்சது பத்தலையாடி ஒனக்கு? மூத்தவனை மறந்துட்டியா?"

அடித்திருந்தால் தேவலை.

குழந்தை விழித்ததும், தூக்குப் பாலைச் சூடு பண்ணிச் சங்கில் ஊற்றினாள். வாயருகே கொண்டுபோனவள் நிறுத்தி முகர்ந்தாள். "இந்தாங்க, என்னமோ ஒரு வாடை அடிக்குதே?" என்றாள்.

சேவுகன் தூக்கை வாங்கி மூக்கில் வைத்தான். பதினைந்து வருஷமாகப் பெட்ரோலும், ஒரு வருஷமாகக் கரிப்புகையும் குடித்த மூக்கு. "கரி வாசம்டி. வண்டியில வந்தா அடிக்காதா? என் சட்டையே அப்படித்தான அடிக்குது" என்றான். அவள் அவன் சட்டையை நம்பினாள். குழந்தை தலையைத் திருப்பித் திருப்பிக் கொண்டது. காலைப் பிடித்துக்கொண்டு, மூக்கை அழுத்தி, ஊட்டிவிட்டார்கள்.

விடியும்போது குழந்தைக்கு வயிற்றால் போனது. பச்சையாகப் போனது.

"பாத்தியா? மாட்டை மாத்தினா என்ன ஆகும்னு பாத்தியா?" என்றான் சேவுகன். மருதாயி சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். முனியாயி தன் மாட்டையே குற்றவாளி மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. கெட்டதை நல்ல பால்தான் சரி பண்ணவேண்டும் என்று சேவுகன் முடிவு செய்தான். ஐந்தாம் நாள் வந்த தூக்கை ஓடிப்போய் வாங்கிவந்து, அந்தப் பாலையே மறுநாள் காலை வரை வைத்து வைத்து, அவனே தன் கையால் சங்கு சங்காக ஊட்டினான். ஒரு சங்கு உள்ளே போனால் இரண்டு சங்கு வெளியே போனது. ஆறாம் நாள் காலையில் குழந்தைக்கு அழக் குரல் இல்லை. கண் உள்ளே போய்விட்டது.

நாகராசு பிடித்துக் கொடுத்த வண்டியில் டவுனுக்குப் பறந்தார்கள். பால் வேண்டியிருக்குமே என்று மருதாயி மீதிப் பால் இருந்த தூக்கையும் எடுத்துக்கொண்டாள். டாக்டர் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய இடம் கிள்ளியபடியே நின்றது.

"என்ன குடுத்தீங்க?"

"வேறெதுவும் குடுக்கலைங்க. ஒரே ஒருவாட்டி வேற மாட்டுப் பாலை இவ குடுத்துட்டா. மத்தபடி எங்க பசுவோட பால்தாங்க. தெனம் புதுக்கோட்டையிலேருந்து வருதுங்க" என்று சேவுகன் தூக்கைக் காட்டினான்.

டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இது எப்பக் கறந்தது?"

"நேத்து விடியக்காலம்..."

"இந்த வெயில்லயா? கரி பஸ்லயா?" அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான். மெதுவாகத்தான் கேட்டார். "ஏம்பா, நீ இருந்த இடத்துல மாடே இல்லையா?"

சேவுகனுக்கு அந்த முற்றம் கண்ணில் வந்தது. அசைபோட்டுக்கொண்டு நின்ற செவலைப் பசு வந்தது. அது மிதிக்காமல் தான் சுற்றிப் போனது வந்தது. அந்தப் பாலைக் குடித்துவிட்டுக் குழந்தை கையைக் காலை நீட்டித் தூங்கியதை அவன் பார்க்கவில்லை, மருதாயி சொல்லித்தான் தெரியும். அந்தத் தூக்கந்தான் குழந்தை தூங்கிய கடைசி நல்ல தூக்கம். மருதாயி பக்கம் திரும்ப அவனுக்குத் தைரியம் வரவில்லை.

டாக்டர் என்னவெல்லாமோ செய்து பார்த்தார். மத்தியானம் இரண்டு மணிக்கு சொர்ணவல்லி போய்விட்டாள். நாள் கணக்கில் தேடி, தரையில் படுத்துப் பார்த்து, தண்ணீரைக் குடித்துப் பார்த்து, ஊரிலேயே நல்ல இடமாகத் தேர்ந்தெடுத்தானே, அந்த இடத்துக்கு அவளை அவன் திருப்பிக்கூடக் கொண்டுபோகவில்லை. அங்கேயே, டவுனுக்கு வெளியே, அவன் ஒரு நாளும் பார்க்க நினைக்காத ஓர் இடத்தில் புதைத்தார்கள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பினார்கள். முன்சீட்டில் சன்னலோரம் மருதாயி. அவள் மடியில் குழந்தையின் துணிகளைக் கட்டிய சின்ன மூட்டை. டாக்டர் வீட்டிலிருந்து அந்த நிமிஷம் வரை அவள் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அழவும் இல்லை. "ஏதாச்சும் சொல்லு புள்ளே, என்னை வையி" என்று கேட்டுவிட வேண்டும் என்று மாத்தூரிலிருந்து அவனுக்கு நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. வைவதற்கு அவளுக்கு உரிமை இருந்தது, கேட்பதற்கு அவனுக்கு இல்லை.

கீரனூரில் எதிர்ப் பஸ் நின்றது. சேவுகனின் வண்டி. ஓட்டி வந்தவன் இருளாண்டி. ஊருக்கு ஒரு சேதியும் போகவில்லை. அவனுக்கு எப்படித் தெரியும்? இரண்டு பஸ்ஸும் சன்னலோடு சன்னல் நின்றன. கரி அடுப்பு அணைந்துவிடுமோ என்ற அவசரம் அவனுக்கு. இவர்களைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"என்னண்ணே, அதுக்குள்ள கெளம்பிட்டீங்க? நல்லவேளை, இங்கிட்டே பாத்தேன். இந்தாங்கத்தா, பொன்னுத்தாயக்கா குடுத்த பாலு" என்று கையை நீட்டித் தூக்கை மருதாயியிடம் கொடுத்துவிட்டு, ஹாரனை அடித்துக்கொண்டு போய்விட்டான்.

வாங்கி வாங்கிப் பழகிய கை, வாங்கிவிட்டது. பஸ் கிளம்பியது. மருதாயி தூக்கை மூட்டைக்குமேல் வைத்து, மூடியைத் திறந்தாள். குனிந்து முகர்ந்தாள். நெடுநேரம் முகர்ந்தாள். பிறகு முந்தின நாளிலிருந்து முதல் தடவையாக அவன் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை.

"இது இன்னும் கெடலைங்க" என்றாள்.

மூடியை அழுத்தி மூடி, ஒரு சொட்டு சிந்தாமல், திருக்கோகர்ணம் வரை அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.